ஆண்குதிரை குறியைத் தளரவிட்டு நிற்பது நோயா? உறையைக் கழுவ வேண்டுமா?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் அருகே எங்கள் தோட்டத்தில் இரண்டு ஆண்குதிரைகள் இருக்கின்றன. ஒன்று, சவாரிப் பள்ளியிலிருந்து வாங்கிய, காயடிக்கப்பட்ட 11 வயது வெள்ளை நுக்ரா. மற்றொன்று, அந்தியூர் ஆடிச் சந்தையில் வாங்கிய 4 வயது மார்வாரி, காயடிக்கப்படாதது. மத்தியான நேரத்தில் இரண்டும் குறியை வெளியே தொங்கவிட்டபடி நிற்கின்றன. மார்வாரி சில வேளைகளில் விறைத்த குறியால் தன் வயிற்றிலேயே அடித்துக்கொள்கிறது. அப்படி விட்டால் விந்து வீணாகிக் குதிரை வற்றிவிடும், வளையம் மாட்டுங்கள் என்கிறார் பல காலமாகக் குதிரை வைத்திருக்கும் ஒரு பெரியவர். எங்கள் குதிரைக்காரர் பார்க்கும்போதெல்லாம் கயிற்று நுனியால் தட்டிக் குறியை உள்ளே இழுக்கவைக்கிறார். நுக்ராவின் உறைக்குள் கறுப்பாக அழுக்குச் சேர்வதால் வாரம் ஒருமுறை சோப்பும் கிருமிநாசினியும் போட்டுக் கழுவி வருகிறோம். பத்து நாட்களாக உறை வீங்கியிருக்கிறது. ஆனால் தீனி குறையவில்லை. நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்புடையீர், வணக்கம். கூச்சப்பட்டு யாரும் வாய்விட்டுக் கேட்காத ஒன்றை விவரமாக எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். கூச்சத்தினாலேயே இந்தப் பகுதியில் வரும் நோய்கள் முற்றிய பிறகுதான் மருத்துவரிடம் வந்து சேர்கின்றன. இன்றே நிறுத்த வேண்டியவை மூன்று: கயிற்றால் தட்டுவது, வளையம் மாட்டும் யோசனை, வாராந்திரச் சோப்புக் குளியல். நுக்ராவின் வீக்கத்தை மட்டும் இந்த வாரத்துக்குள் ஒரு கால்நடை மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

குதிரையின் குறி ஓய்வு நிலையில் இரட்டை மடிப்பாக அமைந்த உறைக்குள் இருக்கிறது. குறியின் அடிப்பக்கமாக ஓடும் ஒரு தசை அதை உள்ளே இழுத்துப் பிடித்திருக்கிறது. இந்தத் தசை குதிரையின் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டு இயங்குவதில்லை. பயமும் பதற்றமும் வந்தால் தானாகச் சுருங்கும், மனம் அமைதியானால் தானாகத் தளரும். தளர்ந்ததும் குறி தன் எடையால் கீழே இறங்கித் தொங்குகிறது. ஆகவே மத்தியானத்தில் நிழலில் நிற்கும் ஆண்குதிரை குறியைத் தளரவிட்டிருந்தால், தான் நிற்கும் இடத்தில் ஆபத்தில்லை என்று அதன் உடல் நம்புகிறது என்றே பொருள் கொள்ளுங்கள். காயடித்ததா, காயடிக்காததா என்பது இதில் வேறுபாடு செய்வதில்லை.

நாளை மத்தியானம் பத்து நிமிடம் லாயத்துக்கு வெளியே, குதிரையின் கண்ணில் படாமல் நின்று பாருங்கள். தலை முதுகின் மட்டத்துக்கோ அதற்குச் சற்றுக் கீழோ இறங்கியிருக்கும். காதுகள் முன்னும் பின்னும் விறைக்காமல் பக்கவாட்டில் சரிந்திருக்கும். கீழுதடு தொய்ந்து, சில குதிரைகளில் உள்பக்க இளஞ்சிவப்பு தெரியுமளவு தொங்கும். கண்கள் பாதி மூடியிருக்கும். பின்கால் ஒன்று மடங்கி, குளம்பின் முன்விளிம்பு மட்டும் தரையைத் தொட்டிருக்கும். சிறிது நேரம் கழித்து எடையை மாற்றி மறுகாலை மடக்கும். இத்தனையோடு சேர்ந்து குறியும் தளர்ந்திருந்தால் அது முழு ஓய்வு. வளர்ந்த குதிரை ஒரு நாளில் மூன்று முதல் ஐந்து மணி நேரமே தூங்குகிறது, அதையும் துண்டு துண்டாகத்தான் தூங்குகிறது. அந்தத் துண்டுகளில் ஒன்றைத்தான் உங்கள் குதிரைக்காரர் கயிற்றால் கலைத்துக்கொண்டிருக்கிறார். தட்டியதும் குறி உள்ளே போவதைப் பார்த்து, குதிரை ஒழுங்கு கற்றுக்கொண்டது என்று அவர் நினைத்திருக்கலாம். உண்மையில் அது திடுக்கிட்டதால் தசை சுருங்கியது, அவ்வளவுதான். மனிதர் கிட்டே வந்தால் அடி விழும் என்பதைத் தவிர வேறு எதையும் குதிரை அதிலிருந்து கற்பதில்லை. அவரிடம் இதைக் குற்றமாகச் சொல்ல வேண்டாம். குதிரையின் நன்மைக்கென்று நினைத்தே செய்திருப்பார். இந்தப் பத்து நிமிடப் பார்வைக்கு அவரையும் உடன் அழைத்துக்கொள்ளுங்கள்.

இயல்பான தளர்வை அறிந்துகொள்ள எளிய சோதனை ஒன்று உண்டு. பெயர் சொல்லி அழைத்து, கழுத்தில் கைவைத்து, நாலடி நடத்துங்கள். இயல்பாகத் தளர்ந்த குறி, நடக்கத் தொடங்கிய சற்று நேரத்தில் தானாக உள்ளே போய்விடும். நடந்த பிறகும், தீனி வைத்த பிறகும், ஓர் ஆள் பக்கத்தில் வந்த பிறகும் வெளியிலேயே தொங்கினால் அது ஓய்வாக இருக்காது. அதேபோல, குறியைத் தளரவிட்ட குதிரை முன்காலால் தரையைக் கீறுவது, திரும்பித் திரும்பி விலாவைப் பார்ப்பது, வியர்ப்பது, சிறுநீர் கழிப்பதுபோல் உடலை நீட்டி நின்று சிறுநீர் வராமல் திரும்புவது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைச் செய்தாலும் வயிற்றுவலியை முதலில் சந்தேகியுங்கள்.

இனி மார்வாரிக்கு வருகிறேன். ஆண்குதிரைகள் இவ்வாறு தானே விறைத்து வயிற்றில் அடித்துக்கொள்வதை அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நியூ போல்ட்டன் மையத்தில் சூ மெக்டொனல் என்ற குதிரை நடத்தை அறிஞர் பல ஆண்டுகள் கூர்ந்து ஆராய்ந்திருக்கிறார். லாயத்தில் கட்டிய குதிரை, மேய்ச்சலில் விட்ட குதிரை, மனிதர் கைபடாமல் கூட்டமாகத் திரியும் குதிரை என்று எல்லாவற்றிலும் இது உண்டு. ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள், பகலிலும் இரவிலும் நடக்கிறது. விந்து வெளிப்படுவது அரிது. ஆதலால் விந்து வீணாகி உடல் வற்றும் என்ற அச்சத்துக்கு இடமில்லை. ஒருவேளை வெளிப்பட்டாலும் விந்தணு உற்பத்தி இடையறாது நடப்பதால் இழப்பு ஏதுமில்லை. லாயத்தில் சலிப்பால் வந்த கெட்ட பழக்கம் என்றும் இதைக் கருத வேண்டாம்.

வளையத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். குறியைச் சுற்றி மாட்டும் வளையம் விறைப்பு வரும்போது இரத்த ஓட்டத்தை நெரிக்கிறது. தோலில் புண்ணும் தழும்பும் உண்டாக்குகிறது. விந்தில் இரத்தம் கலக்கவும் அது ஒரு காரணம். அடித்துத் தடுத்தாலும் பலனில்லை. தடுக்கப்பட்ட குதிரைகள் அதே செயலைக் கூடுதலாகச் செய்வதையும், பொலிக்கு விடும்போது பெட்டையை நெருங்கவே தயங்குவதையும் ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். குதிரை வளர்ப்பில் அந்தப் பெரியவருக்குள்ள அனுபவத்தை மதிக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் சொல்வதை ஏற்க முடியாது. தோட்டத்துக்கு வரும் பிள்ளைகள் கேட்டால், குதிரை ஓய்வெடுக்கிறது என்று இயல்பாகச் சொல்லிவிடுங்கள்.

உறைப் பராமரிப்புதான் உங்கள் கடிதத்தில் அதிகக் கவனம் வேண்டிய பகுதி. உறையின் உள்தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றின் சுரப்பும் உதிர்ந்த தோல் செதில்களும் சேர்ந்து, சாம்பல் நிறத்திலிருந்து நல்ல கறுப்பு வரை, சில இடங்களில் மெழுகாகவும் சில இடங்களில் காய்ந்த பொருக்காகவும் படிகின்றன. நீங்கள் பார்த்த கறுப்பு அதுதான். அது நோய்க்கழிவு இல்லை. குறி உள்ளே போய்வரும்போது தோல் உரசாமல் காக்கும் பூச்சாகவும் அது இருக்கிறது. காயடித்த குதிரை குறியை முழுதாக நீட்டுவது குறைவு என்பதால் அதன் உறையில் இந்தப் படிவு பொதுவாகக் கூடுதலாகச் சேரும். சில குதிரைகள் உறைக்குள்ளேயே சிறுநீர் கழிக்கும். அவற்றில் இன்னும் கூடுதலாகச் சேரும்.

அந்தத் தோலில் தீங்கு செய்யாத நுண்ணுயிர்கள் நிரந்தரமாகக் குடியிருந்து, தீங்கு செய்யும் கிருமிகளுக்கு இடம் கொடுக்காமல் காக்கின்றன. சோப்பும் கிருமிநாசினியும் நல்லவற்றைத்தான் முதலில் அழிக்கின்றன. பொலிகுதிரைகளைச் சோப்பாலும் கிருமிநாசினியாலும் அடிக்கடி கழுவிப் பார்த்த ஆய்வுகளில், காலியான அந்த இடத்தைச் சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா போன்ற பிடிவாதமான கிருமிகள் பிடித்துக்கொண்டது தெரியவந்தது. அதனால்தான் பொலிக்கு விடும் குதிரையை வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் அலசி, மென்துணியால் ஒற்றி உலர்த்துவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். உங்கள் மார்வாரிக்கு இப்போதைக்கு அதுகூடத் தேவையில்லை.

நுக்ராவுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதிகம் போனால் ஆண்டுக்கு ஒருமுறை உள்ளே சோதித்தால் போதும்; படிவு கெட்டியாகத் திரண்டு தோலை உறுத்தும்போது மட்டும் கழுவுங்கள். இப்போதைய வீக்கம் முழுதாக வற்றும்வரை எதையும் போட வேண்டாம். பிறகு கழுவ நேர்ந்தால், முந்தைய நாள் மாலையில் கொஞ்சம் லிக்விட் பாரஃபினை உறைக்குள் தடவி விடுங்கள். பொருக்கு ஊறி, மறுநாள் இழுக்காமல் கழன்று வரும். நகம் வெட்டி, மோதிரத்தைக் கழற்றி, ரப்பர் கையுறை அணிந்துகொள்ளுங்கள். ஓர் ஆள் குதிரையின் தலையைப் பிடித்து, நீங்கள் நிற்கும் அதே பக்கமாக நிற்க வேண்டும். குதிரை பின்காலை முன்னோக்கி வீசியும் உதைக்கும். ஆகவே பின்காலுக்கு நேரே நிற்காமல், விலாவோடு தோளை ஒட்டி நின்று, ஒரு கையை முதுகில் வைத்தபடி, மறு கையை வயிற்றின் அடிவழியே மெதுவாகப் பின்னால் கொண்டுபோங்கள். முதல் நாள் வயிற்றைத் தொட்டுவிட்டுத் திரும்பினாலும் நட்டமில்லை. நாலைந்து நாட்களில் பழகிவிடும். குதிரை விலகி விலகிப் போனால் வற்புறுத்தாதீர்கள்.

உள்ளே கை போக விட்டதும், உடல் சூட்டளவு வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் மடிப்புகளைத் துடைத்து எடுங்கள். ஒருமுறை உள்ளே போன பஞ்சை மறுபடி வாளியில் முக்க வேண்டாம். குழாயின் வேகத்தில் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம். குறியைப் பிடித்து இழுக்கவே கூடாது. தளர்ந்தால் தளரட்டும், தளராவிட்டால் உள்ளே இருக்கும் நிலையிலேயே முடிந்தவரை துடையுங்கள். ஒட்டிப் பிடித்த பொருக்கைச் சுரண்டினால் அடியிலுள்ள தோல் உரிந்து புண்ணாகும். அதை அடுத்த முறைக்கு விட்டுவிடுவது நல்லது. எண்ணெய்ப் பசை தங்காமல் கடைசியில் நன்றாக அலசிவிடுங்கள்.

குறியின் நுனியில், சிறுநீர்த் துளை சற்று முன்துருத்திய குழல்போல் அமைந்திருக்கும். அதைச் சுற்றி ஒரு பள்ளமும், பள்ளத்தின் மேற்பக்கத்தில் உள்நோக்கிப் போகும் சிறு பையும் உண்டு. படிவு அந்தப் பைக்குள் திரண்டு இறுகினால் மொச்சைக்கொட்டை அளவுக் கட்டியாகிவிடும். சிலவற்றில் இன்னும் பெரிதாகவும், ஒன்றுக்கு மேற்பட்டும் இருக்கும். அது பெருத்துச் சிறுநீர்க் குழலை அழுத்தும்போது சிறுநீர்த் தாரை இரண்டாகப் பிளந்தோ பக்கவாட்டில் சிதறியோ விழும், விட்டுவிட்டு வரும், குதிரை பலமுறை நீட்டி நின்றும் கொஞ்சமே கழிக்கும். கையுறை விரலால் பள்ளத்தின் விளிம்பைச் சுற்றித் தடவினால் கட்டி தட்டுப்படும். பக்கத்திலிருந்து மெல்ல அழுத்தினால் நழுவி வெளியே வரும். வராவிட்டால் மருத்துவர் மயக்கமருந்து கொடுத்து எடுப்பார். குதிரையின் சிறுநீர் இயல்பாகவே சுண்ணச் சத்தால் கலங்கி, சற்றுக் கொழகொழப்பாக இருக்கும். அதைக் கண்டு சீழ் என்று பயப்பட வேண்டாம்.

மயக்கமருந்து என்றதும் ஓர் எச்சரிக்கை. லாடம் அடிக்கவும் வண்டியில் ஏற்றவும் குதிரையைச் சாந்தப்படுத்தக் கொடுக்கும் மருந்துகளில் அசெப்ரோமசின் என்ற ஒன்று, மேலே சொன்ன இழுதசையைத் தளர்த்திவிடுகிறது. பெரும்பாலான குதிரைகள் தானாகத் தேறிவிடும்; அரிதாகச் சிலவற்றில், குறிப்பாகக் காயடிக்காத குதிரைகளில், குறி திரும்ப உள்ளே போகாமல் நின்றுவிடும். ஆகவே மருந்துக்கடையில் வாங்கி நீங்களே கொடுக்கவே கூடாது. மருத்துவர் கொடுக்கும்போதும் மார்வாரி காயடிக்கப்படாதது என்பதை வாய்திறந்து சொல்லுங்கள். வேறு மருந்தைத் தேர்ந்தெடுப்பார்.

எந்தக் காரணத்தாலும், உதை பட்டோ மருந்தாலோ மெலிவாலோ, குறி வெளியிலேயே நின்று வீங்கத் தொடங்கினால் அது அவசர நிலை. தொங்கும் பகுதியில் நீர் கோக்கும், கனம் கூடும், கனம் கூடக்கூட இன்னும் நீர் கோக்கும். சில மணி நேரத்தில் உறைக்குள் அடங்காத அளவுக்குப் பருத்துவிடும். மருத்துவர் வரும்வரை குளிர்ந்த தண்ணீரை மெதுவாக 15 முதல் 20 நிமிடம் ஊற்றி, வாசலின் தாராளமாகத் தடவி, சுத்தமான அகலத் துணியை வயிற்றுக்கு அடியில் தொட்டில்போல் கட்டி முதுகில் முடிந்து, குறியைத் தாங்கிப் பிடிக்கச் செய்யுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதையும் பூச வேண்டாம்; கையால் உள்ளே திணிக்கவும் வேண்டாம். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவியைக் கேட்கலாம்.

நுக்ராவுக்கு மட்டும் உரியதாக இன்னொன்று உண்டு. அந்த வெள்ளைக் குதிரைகளின் தோல் பெரும்பாலும் இளஞ்சிவப்பு; குறியும் அப்படியே இருக்கும். நிறமி குறைந்த அந்தத் தோலில், வயது ஏற ஏற, செதிற்படலப் புற்றுநோய் வரும் வாய்ப்புக் கூடுதல். குதிரைகளில் பரவும் ஒருவகைப் பாப்பிலோமா வைரஸுக்கும் அதில் பங்குண்டு. தொடக்கத்தில் ஆறாத சிறு புண்ணாகவோ, வெளிறிய தடிப்பாகவோ, மருவாகவோ தோன்றும். பிறகு காலிஃப்ளவர்போல் பூத்து, இரத்தம் கசிந்து, கெட்ட நாற்றம் வீசும். தொடக்கத்திலேயே வெட்டி எடுத்தால் குதிரை பல ஆண்டுகள் நன்றாக வாழும். இங்கேதான் மத்தியான ஓய்வு உங்களுக்குக் கைகொடுக்கிறது: அது தானாகத் தளரவிடும் நேரத்தில், தொடாமல், மாதம் ஒருமுறை கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போன மாதம் இல்லாத ஒன்று இந்த மாதம் இருந்தால் உடனே தெரிந்துவிடும். அடிக்கு அஞ்சிக் குறியை உள்ளேயே வைத்திருக்கும் குதிரையிடம் இதைப் பார்க்கவே முடியாது.

கோடையில் ஈயையும் கவனியுங்கள். ஈக்கள் சுமந்துவரும் ஹப்ரோனிமா என்ற புழுவின் இளம்பருவங்கள் ஈரமான குறிநுனியிலோ சிறு கீறலிலோ இறங்கினால், சதை வளர்ந்த, நமைச்சலுள்ள, மஞ்சள் நிறக் குறுணை போன்ற துகள்கள் நிறைந்த புண் உண்டாகும். சாதாரணப் புண் களிம்புகளுக்கு அது ஆறாது. புழுவுக்கான மருந்து தேவைப்படும். தினமும் சாணத்தை லாயத்திலிருந்து அப்புறப்படுத்துவது பாதி மருத்துவம்.

இப்போது வீக்கம். வாராவாரம் சோப்புப் போட்டதால் வந்த எரிச்சல் ஒரு காரணமாக இருக்கலாம். நாள் முழுக்கக் கட்டியே நின்றால், உடம்பின் தாழ்ந்த இடமான உறையில் நீர் இறங்குவதும் உண்டு. அத்தகைய வீக்கம் வலிக்காது, விரலால் அழுத்தினால் குழி விழும், காலையும் மாலையும் அரைமணி நேரம் நடத்தினால் குறையும். ஆனால் நம் நாட்டில் குதிரையின் உறை வீங்கினால் சர்ரா நோயை விலக்காமல் விடக்கூடாது. கடிக்கும் பெரிய ஈக்களால் பரவும் டிரிப்பனோசோமா என்ற ஒட்டுண்ணி இரத்தத்தில் பெருகுவதால் வரும் நோய் இது. காய்ச்சல் வந்து வந்து விடும், ஈறும் கண்ணின் உள்தோலும் வெளிறும், கால்களும் அடிவயிறும் உறையும் வீங்கும். இந்நோயில் குதிரை நன்றாகத் தின்றுகொண்டே மெலியும் என்பதால், தீனி குறையவில்லை என்ற ஒன்றை மட்டும் வைத்து நான் நிம்மதி அடைய மாட்டேன். காலத்தில் கண்டுபிடித்தால் மருந்து உண்டு. விட்டுவிட்டால் குதிரை இறந்துவிடும்.

உங்கள் ஊர் மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். அங்கே வசதியில்லையென்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். ஒட்டுண்ணி எல்லா நாளும் இரத்தத்தில் தென்படாது. ஆதலால் முதல் முடிவு இல்லையென்று வந்தாலும், காய்ச்சல் இருக்கும் நாளில் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். அதற்கு உதவியாக இன்று மாலையிலிருந்தே நுக்ராவின் உடல் வெப்பத்தை ஆசனவாயில் வெப்பமானி வைத்துக் காலையும் மாலையும் அளந்து, நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரைக்கு 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. 38.5 டிகிரியைத் தாண்டும் நாளில் காத்திராமல் அன்றே அழைத்துப் போங்கள். அந்த நோட்டையும், உறையின் வீக்கத்தை எடுத்த படங்களையும், இதுவரை கழுவப் பயன்படுத்திய சோப்பு, கிருமிநாசினியின் பெயர்களையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள்.